36 பக்க நூலில் நம் பெயர்

திறனாய்வு என்றதும் காப்பியம், கவிதை, சிறுகதை ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. சீறாப்புராணத்தையும் முனாஜாத்துகளையும் கிஸ்ஸாக்களையும் எடைபோட்டுப் பழகிய மனம் பிறவற்றைப் பனுவல் என்று கருத ஒருப்படுவதில்லை. ஆயினும் நம் இல்லங்களில் இவற்றை விடக் கவனமாகப் பூட்டி வைக்கப்படும் நூல் ஒன்று உண்டு. 36 பக்கங்கள் கொண்ட அந்நூலை நாம் பாஸ்போர்ட் என்கிறோம். கடவுச்சீட்டு என்பது அதன் தமிழ்ப் பெயர். நாம் அதனைப் படிப்பதைவிடப் பிறர் அதில் நம்மைப் படிப்பதே மிகுதி. சபுராளியாகச் சென்ற மகனின் பிழைப்பும், உம்ராவுக்கு நிய்யத்து வைத்த மூதாட்டியின் ஏக்கமும் அதிலுள்ள சில எழுத்துகளைச் சார்ந்து நிற்கின்றன. இத்துணை ஆற்றல் வாய்ந்த நூல் திறனாய்வுக்கு உரியதன்று எனல் பொருந்துமா?

இக்கட்டுரையில் அந்நூலின் ஒரே ஒரு பக்கத்தை, அதிலும் பிறந்த இடம், பெயர் என்னும் இரண்டு வரிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஆராய்ச்சிக்கு நிலைக்களனாக விருத்தாசலத்தைக் கொள்கிறோம். பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற அவ்வூர், நாம் சொல்லக் கருதும் செய்தியை நன்கு விளக்குவதற்கு வேண்டிய சான்றுகளைத் தன்னகத்தே கொண்டிருக்கிறது.

நம் முன்னோர் தமிழுக்குத் தந்த இலக்கிய வகைகளுள் மசலா என்பதும் ஒன்று. வினாவும் விடையுமாக அமைவது அது. நூறு மசலா அவ்வகையில் நம் பாட்டிமார் நன்கறிந்த நூல். கடவுச்சீட்டுக்கான விண்ணப்பப் படிவமும் ஒரு வகையில் மசலாவே எனலாம். பெயர் யாது, தந்தை யார், பிறந்த ஊர் எது, பிறந்த நாள் எது என்று வினாக்கள் வரிசையாக வருகின்றன. மசலாவில் வினாத் தொடுப்பவர் விடையின் பொருளை எடைபோடுவார். படிவமோ, இந்த விடை வேறொரு தாளில் உள்ள விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்பதையே நோக்கும். உண்மை வேறு, தாள்களின் ஒற்றுமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதே இந்நூலின் பெருங்குறை என்பது நம் துணிபு.

குறை கூறுமுன் நிறை கூறுதல் முறை. முதல் உலகப் போருக்குப் பின், 1920 இல் பாரிசில் கூடிய சர்வதேச சங்கத்தின் மாநாடு, நாடுதோறும் வெவ்வேறாக இருந்த பயணச் சீட்டுகளை ஒரே வடிவிலான சிறு நூலாக்கும்படி பரிந்துரைத்தது. அதே ஆண்டில் இந்தியாவிலும் பாஸ்போர்ட் நுழைவுச் சட்டம் பிறந்தது. நம் வணிகர் பாஸ்போர்ட்டும் விசாவும் இன்றிக் கப்பலேறிக் கொழும்புக்குச் சென்று வந்த காலம், இலங்கையின் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்ததோடு முடிந்தது. இவை எல்லைகளை இறுக்கிய செய்திகள். எனினும் அந்நூல் குடிமகனின் உரிமையாக வளர்ந்ததும் உண்மையே. வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தின் பகுதி என்று 1967 இல் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதன் விளைவாகவே அவ்வாண்டின் பாஸ்போர்ட் சட்டம் இயற்றப்பட்டது. நியாயமான நடைமுறையின்றி அவ்வுரிமையைப் பறிக்கலாகாது என்பது 1978 இல் மேனகா காந்தி வழக்கில் மேலும் உறுதியாயிற்று. அதிகாரியின் விருப்பப்படி அளிக்கப்படும் சலுகை என்னும் நிலை மாறி, கேட்டுப் பெறத்தக்க உரிமை என்னும் நிலைக்கு அந்நூல் உயர்ந்தது. இந்த உயர்வை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. உரிமை என்று ஆனபின், அதனை அடையும் வாயில் ஓர் எழுத்தால் அடைபடலாமா என்பதே நம் வினா.

பிறந்த இடம்

முதலில் எளிய வரியைப் பார்ப்போம். விருத்தாசலத்தில் பிறந்தவர் 'பிறந்த இடம்' என்பதற்கு எதிரே என்ன எழுதுவார்? பழமலை, முதுகுன்றம் என்பன அவ்வூரின் பழந்தமிழ்ப் பெயர்கள். விருத்தாசலம் என்பது அவற்றின் வடமொழியாக்கம். பொருள் ஒன்றே. அதனை ஆங்கில எழுத்தில் பெயர்க்கும்போது முதலெழுத்தை அடுத்து 'ஆர்' வருமா 'ஐ' வருமா, 'டி' ஒன்றா இரண்டா, அதனோடு 'எச்' உண்டா இல்லையா என்னும் வேறுபாடுகள் தோன்றுகின்றன. இரயில் நிலையப் பலகையில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் மற்றொன்று, பழைய பத்திரத்தில் வேறொன்று என்று காணப்பட்டால் அதில் வியப்பில்லை.

மாவட்டமும் மாநிலமும் கூட நிலையாக நிற்கவில்லை. 1968 இல் அங்குப் பிறந்த ஒருவர் சென்னை மாநிலம், தென்னார்க்காடு மாவட்டத்தில் பிறந்தவர். 1969 ஜனவரி 14 அன்று மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆயிற்று. 1993 இல் தென்னார்க்காடு பிரிந்து, விருத்தாசலம் கடலூர் மாவட்டத்திற்கு உரியதாயிற்று. மணிமுத்தாற்றின் கரையில் ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. அவரும் வீடு மாறவில்லை. எனினும் தாள்களில் அவர் பிறந்த இடம் இருமுறை இடம்பெயர்ந்துவிட்டது. 2020 ஜூன் மாதத்தில் தமிழக அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்பத் திருத்தி ஆணை வெளியிட்டு, சில நாள்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றது. ஓர் அரசே ஊர்ப்பெயரின் எழுத்தில் இவ்வாறு தடுமாறும்போது, ஒரு குடிமகனின் தாள்கள் ஒன்றோடொன்று முரண்பட்டால் அதனைப் பொய் என்று ஐயுறுதல் நேர்மையாகுமா?

பெயர் என்னும் வரி

இனி, கடினமான வரிக்கு வருவோம். அதற்குமுன் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைக்குள் சற்றே நுழைந்து பார்த்தல் பயன் தரும். செராமிக் தொழிற்பேட்டையும், அத்தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் பயிலகமும் அவ்வூரில் உள்ளன. கார்த்திகைக்கு அகல் விளக்குகளும், பொம்மைகளும், மின்சார ஃபியூஸ் கட்டைகளும் அங்கிருந்து பல ஊர்களுக்குச் செல்கின்றன. பொம்மை வார்ப்பவர்கள் களிமண்ணையும் தாதுப் பொடிகளையும் நீரில் கரைத்துப் பால் போன்ற கூழாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் ஆன அச்சினுள் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, அதன் உட்சுவரில் மண் படிகிறது. எஞ்சிய கூழைக் கவிழ்த்துவிட்டு, மண் சற்று இறுகியதும் அச்சைத் திறந்து, இணைப்பில் துருத்திக்கொண்டிருக்கும் பகுதியைச் சீவி விடுகிறார்கள். பின்னர் உலர்த்திச் சூளையில் வைக்கிறார்கள். சூளைக்குப் போகுமுன் உடைந்த பொம்மையை நீரில் கரைத்து மீண்டும் கூழாக்கிவிடலாம். வெந்த பின் அதனை மண்ணாக்க எவராலும் இயலாது.

படிவமும் ஓர் அச்சே. அவ்வச்சில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் உள்ளன. ஒன்று இடுபெயருக்கு உரியது. மற்றொன்று குடும்பப் பெயருக்கு உரியது. இனிஷியல் எனப்படும் முன்னெழுத்துகளை எழுதலாகாது என்னும் குறிப்பும் உண்டு. தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பப் பெயரைத் தாங்கி வரும் மக்களுக்கு இவ்வச்சு நன்கு பொருந்தும். நமக்கு அது பொருந்துவதில்லை.

'மு. அப்துல் காதர்' என்பது நம் ஊர்களில் காணும் பெயர் அமைப்பு. முஹம்மது இஸ்மாயீலின் மகன் அப்துல் காதர் என்பது அதன் விரிவு. அரபு மரபில் 'இப்னு' என்றும் 'பின்த்' என்றும் தந்தையைச் சுட்டுவது போல, தமிழ் மரபில் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும் தந்தையைச் சுட்டுகின்றன. திருக்குர்ஆனின் 33 ஆம் அத்தியாயத்து 5 ஆம் வசனம், வளர்ப்புப் பிள்ளைகளையும் அவர்களைப் பெற்ற தந்தையரோடு சேர்த்தே அழைக்குமாறு பணிக்கிறது. ஆதலின் தந்தை வழி அறியப்படுதல் நமக்கு மார்க்கமும் மொழியும் ஒருசேர அளித்த மரபாகும்.

குடும்பப் பெயர் நம்மிடம் இல்லாமை ஏதோ ஒரு குறைபாடு என்று சிலர் எண்ணுகின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1929 இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்குமாறு கேட்டுக்கொண்டது. அதனைத் தொடர்ந்து தமிழ் மக்களில் மிகப் பலர் தம் பெயரின் வாலை மனமுவந்து வெட்டிக்கொண்டனர். நம்மிடையேயும் ராவுத்தர், மரைக்காயர், லெப்பை என்னும் பட்டங்கள் பெரும்பாலும் பேச்சளவில் நின்றுவிட்டன. மனிதனை அவன் பெயராலும் அவன் தந்தை பெயராலும் மட்டுமே அறிவது ஒரு சமுதாயம் முயன்று அடைந்த சிறப்பு. அந்தச் சிறப்பையே 'விடுபட்ட கட்டம்' என்று படிவம் கணக்கிடுகிறது.

அச்சில் ஊற்றப்பட்ட நம் அப்துல் காதருக்கு என்ன நேர்கிறது என்று பார்ப்போம். அவருக்கு முன் மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, பெயரை இரண்டாக வெட்டி 'அப்துல்' என்பதை இடுபெயராகவும் 'காதர்' என்பதைக் குடும்பப் பெயராகவும் எழுதுவது. அப்துல் காதர் என்பது பேராற்றலுடைய இறைவனின் அடியான் எனப் பொருள்படும் ஒரே பெயர். இரண்டாக வெட்டியபின் 'அப்துல்' என்பது யாருடைய அடியான் என்று சொல்லாமல் பாதியில் நின்றுவிடும் சொல். எஞ்சிய பகுதியோ அல்லாஹ்வின் திருநாமங்களுள் ஒன்று. அதனைத் தனியே ஒரு மனிதனுக்குச் சூட்டி அழைப்பதை நம் ஆலிம்கள் கண்டித்து வந்துள்ளனர். இலக்கணமும் கெட்டது, அதபும் கெட்டது.

இரண்டாம் வழி, தந்தை பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதுவது. இதுவே இன்று பெருவழக்கு. பொருள் கெடாத வழி எனினும் இதிலும் இடர் உண்டு. அயல்நாட்டு அலுவலகம் அவரை 'மிஸ்டர் முஹம்மது இஸ்மாயீல்' என்று அழைக்கும். பெரியோர் முன்னிலையில் அத்தாவின் பெயரைச் சொல்லவே தயங்கும் இளைஞர், அந்தப் பெயரையே தம் பெயராகக் கேட்டு எழுந்து நிற்கிறார். நாளை அவர் மகனின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் 'அப்துல் காதர்' என்று இருக்கும். பாட்டனார், தந்தை, பேரன் ஆகிய மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர்கள். குடும்பப் பெயர் ஒன்றாக இராத இவர்கள் ஒரே குடும்பத்தினரா என்று எல்லையில் உள்ள அலுவலர் ஐயுற்றால், அவ்வையத்தைத் தோற்றுவித்தது படிவமே அன்றி அக்குடும்பம் அன்று.

மூன்றாம் வழி, குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவது. இந்திய விதிகள் இதனை அனுமதிக்கின்றன. பல ஆண்டுகள் இவ்வாறே பலரும் கடல் கடந்து சென்று வந்தனர். 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உடையவர்கள் வருகை விசாவிலும் சுற்றுலா விசாவிலும் தன் நாட்டிற்குள் நுழைய இயலாது என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. அங்குக் குடியிருப்பு அனுமதி பெற்றிருந்தோர்க்கு அது பொருந்தவில்லை. பாஸ்போர்ட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ குறிக்கப்பட்டிருந்தால் போதும் என்னும் விளக்கம் சில நாள்களுக்குள் வந்தது. விளக்கம் வந்தது நன்று. ஆனால் துபாயிலுள்ள மகனைப் பார்க்க விசாவும் விமானச் சீட்டும் எடுத்து வைத்திருந்த பெற்றோர்க்கு அவ்விடைநாள்கள் எத்தகையனவாக இருந்திருக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இங்கு நாம் அழுத்திக் கூற விரும்பும் உண்மை ஒன்றுண்டு. இரு பெயர் வேண்டும் என்பது உலக விதி அன்று. இயந்திரம் படிக்கத்தக்க பாஸ்போர்ட்டின் இலக்கணத்தை வகுப்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. அதன் 9303 ஆம் எண் ஆவணமே இத்துறையின் நன்னூல். ஒருவருக்கு ஒரே பெயர்தான் உண்டு எனில் அந்த ஒன்றை முதன்மைப் பெயராக எழுதி எஞ்சிய இடத்தை நிரப்புக் குறிகளால் நிறைத்துவிடலாம் என்று அந்நூல் இடமளிக்கிறது. ஆகவே பிழை இலக்கணத்தில் இல்லை. இலக்கணத்தினும் குறுகலாகக் கட்டம் வரைந்தவர்களிடமும், நாட்டுக்கு நாடு புதிய நிபந்தனை சேர்ப்பவர்களிடமுமே உள்ளது.

எழுத்துக் கூட்டல்

அப்பக்கத்தின் அடியில் இயந்திரத்திற்காக இரண்டு வரிகள் அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் 44 எழுத்திடங்கள் கொண்டது. முதல் வரியில் பெயருக்கு ஒதுக்கப்பட்டவை 39. அதற்குள் அடங்காத பெயர் சுருக்கப்படும். செய்யதும் முஹம்மதும் மொய்தீனும் அபூபக்கரும் தந்தை பெயரும் சேர்ந்த நீண்ட பெயர்கள் நம்மிடையே அரிதல்ல. பொம்மையின் இணைப்பில் துருத்திய மண்ணைச் சீவுவது போல இவற்றின் ஈறு சீவப்படுகிறது.

அதனினும் பெரிய இடர் எழுத்துக் கூட்டலில் உள்ளது. நம் உயிரினும் மேலான நபிகள் நாயகத்தின் (ஸல்) திருப்பெயரையே எடுத்துக்கொள்வோம். அரபியில் அதற்கு ஒரே எழுத்து வடிவம். தமிழில் முஹம்மது, முகம்மது, முகமது, மொஹம்மத் என்று சில வடிவங்கள். ஆங்கில எழுத்தில் முதல் உயிர் 'ஓ' வா 'யூ' வா, 'எம்' ஒன்றா இரண்டா, ஈற்றயல் 'ஏ' யா 'ஈ' யா என்று பெருக்கிப் பார்த்தால் கூட்டல்கள் பல. பிறப்பைப் பதிந்தவர் ஒன்றை எழுதினார். பள்ளி ஆசிரியர் வேறொன்றை எழுதினார். ஆதார் எடுத்தவர் மூன்றாவதைத் தட்டினார். மூவரும் ஒருவரையே எழுதினர். இயந்திரமோ மூவரைக் காண்கிறது. ஒலியைக் கேட்டு எழுதிய மூவருள் எவரும் குற்றவாளி அல்லர். தமிழ்ப் பெயர்களையும் அரபுப் பெயர்களையும் ஆங்கில எழுத்தில் பெயர்ப்பதற்கு எல்லா அலுவலகங்களும் பின்பற்றும் ஒரே முறை இல்லாமையே இதற்குக் காரணம்.

பெண்டிர் பெயர்

இந்த இடர்கள் அனைத்தும் ஆடவரைவிடப் பெண்டிரையே மிகுதியாகத் தாக்குகின்றன. பள்ளிச் சான்றிதழில் தந்தையின் முன்னெழுத்தோடு இருக்கும் பாத்திமா, நிக்காஹ்வுக்குப் பின் குடும்ப அட்டையில் கணவரின் முன்னெழுத்தைப் பெறுகிறார். ஒரு தாளில் 'பீவி' சேர்கிறது, மற்றொன்றில் மறைகிறது. பின்னர் ஹஜ்ஜுக்கோ, அயல்நாட்டில் உள்ள கணவரிடம் செல்வதற்கோ விண்ணப்பிக்கும்போது, தாம் தாமே என்று மெய்ப்பிக்க அலுவலகம் அலுவலகமாக அலைய நேர்கிறது.

மணமானபின் பெண் தந்தை பெயரை விட்டுக் கணவர் பெயரை ஏற்க வேண்டும் என்று நம் மார்க்கம் சொல்லவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அபூபக்கரின் (ரலி) மகளார் என்றே வரலாற்றில் அறியப்படுகிறார்கள். பாஸ்போர்ட் விதிகளும் மணமான பெண்ணைப் பெயர் மாற்றிக்கொள்ளுமாறு கட்டாயப்படுத்துவதில்லை. 2016 டிசம்பரில் செய்யப்பட்ட மாற்றத்தில் திருமணச் சான்றிதழ் இணைக்கவேண்டும் என்ற நிபந்தனையும் நீக்கப்பட்டது. மார்க்கமும் கேட்கவில்லை, சட்டமும் கேட்கவில்லை. வழக்கத்தால் மட்டுமே மாறும் ஓர் எழுத்து, ஒரு பெண்ணின் பயணத்தைத் தடுக்கிறது.

மூதாட்டிகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஹஜ் கமிட்டியின் வழியாகச் சென்றோர்க்கு முன்னர் தனியான ஹஜ் பயணச் சீட்டே போதுமானதாக இருந்தது. 2009 ஆம் ஆண்டு ஹஜ் முதல் சர்வதேச பாஸ்போர்ட் வேண்டும் என்று சவூதி அரசு வலியுறுத்தியது. பெரும்புயல் அடித்த ஆண்டில் பிறந்தவள் என்று மட்டும் தம் வயதை அறிந்திருந்த தாய்மார்கள், நாளும் மாதமும் ஆண்டும் சொல்ல வேண்டியவர்களாயினர். எவரோ ஒருவர் ஏதோ ஒரு நாளை எழுதிக் கொடுக்க, அது சூளையில் வெந்த மண்ணாக நிலைத்துவிட்டது.

தாளும் உண்மையும்

தாள்கள் ஒத்திருந்தால் உண்மை, ஒவ்வாதிருந்தால் பொய் என்னும் இக்கோட்பாடு எத்துணை வலுவற்றது என்பதற்கு விருத்தாசலமே சான்று தருகிறது. நம் அண்டை அயலார் வழிபடும் விருத்தகிரீசுவரர் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கற்சிலை ஒன்று களவு போயிற்று. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004 இல் அதனை நியூயார்க் வணிகர் ஒருவரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அச்சிலையோடு அதன் முன்னைய உடைமை பற்றிய தாள்களும் சென்றன. பழம்பொருள்களை நாட்டைவிட்டுக் கொண்டுபோவதைத் தடுக்கும் 1972 ஆம் ஆண்டுச் சட்டம் வருமுன்னரே அது முறைப்படி விற்கப்பட்டது போல அத்தாள்கள் காட்டின. தாள்கள் ஒழுங்காக இருந்தன; சொன்னது பொய். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் தொகுப்பில் இருந்த பழைய நிழற்படங்கள் அச்சிலை விருத்தாசலத்துக்கே உரியது என்பதைக் காட்டிக்கொடுத்தன. 2014 செப்டம்பரில் புதுதில்லிக்கு வந்த ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் அதனை இந்தியாவிடம் திருப்பி அளித்தார்.

நன்கு புனையப்பட்ட தாள்களோடு கற்சிலை பல எல்லைகளைத் தடையின்றிக் கடந்தது. அதே ஊரில் பிறந்து, எதையும் புனையாத ஒருவர் ஓர் எழுத்து மாறியதற்காக எல்லையில் நிறுத்தப்படலாம். பொய் சொல்பவன் தன் தாள்களை ஒத்திருக்குமாறு செய்துகொள்வான். அவனுக்கு அதுவே தொழில். வாழ்ந்தவரின் தாள்களில்தான் வாழ்க்கையின் தடுமாற்றங்கள் பதிந்திருக்கும். சோதனை வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஒற்றுமையை மட்டுமே உண்மையின் அடையாளமாகக் கொள்ளும் சோதனை, பிடிக்க வேண்டியவனை விட்டு, விடவேண்டியவரைப் பிடிக்கிறது என்றே கூறுகிறோம்.

முன்னோர் கடந்த எல்லை

எல்லையும் சோதனையும் இக்காலத்தவை மட்டும் அல்ல. 14 ஆம் நூற்றாண்டில் நம் மதுரைக்கும் வந்து சென்ற இப்னு பதூதா, எகிப்துக்கும் சிரியாவுக்கும் இடைப்பட்ட கத்யா என்னும் நிலையத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். எகிப்தின் சீட்டின்றி எவரும் சிரியாவுக்குள் செல்ல இயலாது. சிரியாவின் சீட்டின்றி எகிப்துக்குள் வர இயலாது. இரவில் பாதை மணலைச் சமன்செய்து வைத்து, காலையில் அடிச்சுவடு உண்டா என்று பார்ப்பார்களாம். இவ்வளவு கண்டிப்பான காவலும் சீட்டு உண்டா என்று கேட்டதே அன்றி, குடும்பப் பெயர் உண்டா என்று கேட்டதாக அவர் குறிக்கவில்லை.

நம் ஷரீஅத்தில் 'அமான்' என்னும் அடைக்கல முறை உண்டு. மக்கா வெற்றியின்போது உம்மு ஹானி (ரலி) என்னும் பெண்மணி தாமாக அளித்த அடைக்கலத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாமும் ஏற்று உறுதிசெய்தார்கள். ஒரு மனிதரின் சொல்லை நம்பி மற்றொரு மனிதர் பாதுகாப்புப் பெறலாம் என்பதே அம்முறையின் உயிர். கடவுச்சீட்டும் அடிப்படையில் ஓர் அமான்தான்: இவர் எம்மவர், இவரைத் தடையின்றிச் செல்ல விடுங்கள் என்று ஓர் அரசு மற்றோர் அரசைக் கேட்டுக்கொள்ளும் வாக்கு. அந்த வாக்கின் கருத்தை மறந்து எழுத்தை மட்டும் பற்றிக்கொள்வது முறையன்று.

அதற்கும் முற்பட்ட சான்று ஒன்று மண்ணிலேயே உள்ளது. எகிப்தின் செங்கடற்கரையில் குசேர் அல்-கதீம் என்னும் பழந்துறையில் கிடைத்த பானை ஓடுகளில் 'கணன்', 'சாதன்' என்னும் பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. பெரெனிகே துறையில் கிடைத்த ஓட்டில் 'கொறபூமான்' என்னும் பெயர் உள்ளது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை இவை. பிற்காலத்தில் அந்தக் குசேர் துறையிலிருந்தே ஹாஜிகள் கடல் கடந்தனர் என்பது நாம் கருதத்தக்கது. அந்த ஓடுகளில் இருப்பவை ஒற்றைப் பெயர்கள்; எழுதியவை தமிழ் எழுத்துகள்; எழுதிய பொருள் சுட்ட மண். கடல் கடந்த தமிழனின் மிகப் பழைய அடையாளச் சீட்டு இதுவே எனலாம். கணனுக்கும் சாதனுக்கும் போதுமானதாக இருந்த பெயர் இன்று அவர்தம் வழித்தோன்றல்களுக்குப் போதாமற் போயிற்று.

செய்யத்தக்கவை

திறனாய்வு குறைகாட்டுவதோடு நின்றால் பயனில்லை. அரசு செய்ய வேண்டியது ஒன்று. நாம் செய்ய வேண்டியது மற்றொன்று.

இரண்டு கட்டங்களை நீக்கி, 'முழுப் பெயர்' என்னும் ஒரே வரியைப் படிவத்தில் வைத்தல் இயலாததன்று. தந்தையின் பெயர் ஏற்கெனவே வேறோர் இடத்தில் கேட்கப்படுகிறது. உலக நன்னூலே இடமளிக்கும் ஒன்றை ஏற்குமாறு வளைகுடா அரசுகளிடம் எடுத்துரைக்கும் பொறுப்பும் நம் அரசுக்கு உண்டு. தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் பெயர்க்க ஒரு பொது முறை வகுக்கப்பட்டால், மாநிலத்தின் எல்லாச் சமயத்தாரும் பயன் பெறுவர். இது நமக்கு மட்டும் உரிய வேண்டுகோள் அன்று. தந்தை பெயரை முன்னெழுத்தாகத் தாங்கும் தமிழர் அனைவர்க்கும் உரியது.

படிவம் மாறும் வரை நம் பிள்ளைகள் காத்திருக்க இயலாது. ஆதலின் வீட்டில் செய்யக்கூடியவை சிலவற்றைக் கூறுகிறோம். பிறந்த ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் சூட்டுவது நம் சுன்னத்தான வழக்கம். 1969 ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி பிறப்பை 21 நாள்களுக்குள் அறிவிக்க வேண்டும். பெயரை ஓராண்டு வரை கட்டணமின்றியும், பின்னர் 15 ஆண்டுகள் வரை கட்டணத்தோடும் பதிவில் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 அன்றும் அதன்பின்னும் பிறந்தோர்க்குப் பிறந்த நாளை மெய்ப்பிக்கப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஏற்கப்படும் என்று 2025 இல் பாஸ்போர்ட் விதி திருத்தப்பட்டுள்ளது. ஆகவே இனிப் பிறக்கும் குழந்தையின் பெயர் வேகும் சூளை பிறப்புச் சான்றிதழே. ஏழாம் நாள் சூட்டிய பெயரை, தந்தை பெயரையும் விரித்து, ஆங்கிலக் கூட்டலையும் தந்தையின் தாள்களோடு ஒப்பிட்டு, அங்கேயே சரியாக எழுதிவிட வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போது வாய்மொழியாகப் பெயர் சொல்லாமல் அந்தச் சான்றிதழையே காட்ட வேண்டும்.

நிக்காஹ் பதிவேட்டை எழுதும் நம் இமாம்களுக்கும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மணமகள் பெயரைக் காதால் கேட்டு எழுதாமல், அவர் பள்ளிச் சான்றிதழைக் கண்ணால் பார்த்து எழுதுங்கள். மணமானபின் அவர் தந்தையின் பெயரை மாற்ற வேண்டுவதில்லை என்பதை இரு வீட்டார்க்கும் எடுத்துச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்கி, மஹல்லாவின் பிள்ளைகளுடைய தாள்களை ஒப்பிட்டுப் பார்க்கப் படித்த இளைஞர் இருவரை அமர்த்துவது எந்த ஜமாஅத்துக்கும் அரிதன்று. பெரியவர்களின் தாள்களில் உள்ள வேறுபாட்டை அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டுத் திருத்திக்கொள்ளவும் வழி உண்டு. அதற்குப் பொருளும் காலமும் செலவாகும். பிள்ளைகளின் பெயர் இன்னும் ஈர மண்ணாகவே இருக்கிறது. இந்த ஆண்டு நம் மஹல்லாக்களில் அகீகா நடைபெறும் ஒவ்வோர் இல்லத்திலும், விருந்து முடிந்த மறுநாளே இவ்வேலை தொடங்கப்பட வேண்டும் என்பது நம் அவா.